குமிழி வராததால் காற்று இல்லையா?

பழைய காரின் பிரேக் பெடல் கெட்டியாக நிற்காமல் பஞ்சு மாதிரி அமுங்கினால், பட்டறையில் முதலில் விழும் சொல் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பதுதான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். பிரேக் ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் எங்காவது ஒரு குமிழி தங்கிவிட்டால், பெடலின் ஓட்டத்தில் ஒரு பகுதி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார, மற்றவர் சக்கரத்தருகே குந்திக்கொள்வார். பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பரில் சிறு நிப்பிள் ஒன்று உண்டு. அதில் உள்ளே ஓடுவது தெரிகிற மெல்லிய டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைப்பார்கள். ‘அடி, அடி, பிடி’ என்று கீழேயிருந்து குரல் வரும். மேலே இருப்பவர் பெடலை இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டு அழுத்தியபடியே நிறுத்துவார். ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் ஆயில் டியூபில் பாயும். கூடவே குமிழிகள் வரிசையாக ஓடும். நிப்பிளை மூடிய பிறகுதான் ‘விடு’ என்பார்கள். குமிழியே இல்லாமல் ஆயில் மட்டும் தெளிவாக வரத் தொடங்கினால் அந்தச் சக்கரத்தின் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இப்படி நான்கு சக்கரங்களிலும் எடுத்தாகிவிட்டது. டியூபில் ஒரு குமிழிகூட இல்லை. பெடல் மட்டும் அப்படியே பஞ்சாக இருக்கிறது. ‘லைன்ல ஏர் இல்ல சார், மாஸ்டர் சிலிண்டர்தான் போயிருக்கும்’ என்கிறார் மெக்கானிக். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் அந்தப் பாகம் புதிதாக வருகிறது. மறுபடி ஏர் எடுக்கிறார்கள். மறுபடி தெளிந்த ஆயில். மறுபடி அதே பெடல். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் இது நடப்பதுண்டு. முன்பு எப்போதோ கேலிப்பர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது இடப்பக்கத்ததை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டியிருப்பார்கள். பல மாடல்களில் போல்ட் ஓட்டைகள் பொருந்திவிடும், ஹோஸும் எட்டிவிடும். ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் அடியில் போய்விடும். காற்று எப்போதும் மேலேதான் ஏறி நிற்கும். அடியிலுள்ள வழியைத் திறந்து எத்தனை பாட்டில் ஆயிலை ஓடவிட்டாலும், மேலே தங்கிய குமிழி அசையாது.

அந்த மெக்கானிக்கின் கண்ணில் குறையில்லை. டியூபில் குமிழி வரவில்லை என்பது உண்மை. காற்று இருந்தால் அந்த வழியாக வந்திருக்கும் என்று சொல்லாமலே வைத்துக்கொண்ட எண்ணம்தான் பொய். ஒரு பொருள் தென்படவில்லை என்பதை மட்டும் வைத்து அது இல்லை என்று முடிவு கட்டலாமா? கட்டலாம் என்றால் எப்போது? இந்தியத் தத்துவ மரபு இந்தக் கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கடவுள், ஆன்மா, மறுபிறவி என்று பெரிய வழக்குகள் எல்லாம் இதன் மேல்தான் நின்றன. ஆனால் அவர்கள் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட உதாரணம் மிகச் சாதாரணமானது: தரையில் குடம் இல்லை.

கண் தரையைப் பார்க்கிறது. குடத்தின் இன்மையை எது பார்க்கிறது? ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரில பட்டர், இன்மைக்கு நிறமோ வடிவமோ கிடையாது, அதைக் கண் தொட முடியாது, ஆகவே ‘காணாமை’ என்பதையே தனி அறிகருவியாகக் கொள்ள வேண்டும் என்றார். நியாய மரபினர் மறுத்தார்கள்: குடம் இல்லாத தரையைக் கண்ணே நேராகக் காண்கிறது, தனிக் கருவி எதற்கு? மீமாம்சத்தின் இன்னொரு கிளையான பிரபாகரரின் வழியினர் இன்னும் ஒரு படி போய், வெறும் தரைதான் இருக்கிறது, இன்மை என்று தனியாக ஒரு பொருளே இல்லை என்றார்கள். ஒருவரை ஒருவர் இவ்வளவு மறுத்தாலும், ஒரு நிபந்தனையை இந்த விவாதம் தெளிவாகக் கூர்தீட்டி வைத்தது. குடம் இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சம் இருக்க வேண்டும், கண் நன்றாக இருக்க வேண்டும், நடுவே மறைப்பு இருக்கக் கூடாது, பொருளும் கண்ணுக்கு எட்டும் பொருளாக இருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு ‘குடம் தெரியவில்லை’ என்று சொல்லலாம்; ‘குடம் இல்லை’ என்று சொல்ல முடியாது. காணத் தகுந்த பொருள், காணத் தகுந்த சூழ்நிலையில், காணப்படாமல் போனால்தான் அது இல்லை. பௌத்தரான தர்மகீர்த்தி இதற்குப் பிசாசை உதாரணம் காட்டினார். பிசாசு என்பது இயல்பிலேயே நம் கண்ணுக்கு எட்டாதது என்று வைத்துக்கொண்டால், அது தெரியவில்லை என்பதிலிருந்து சந்தேகம் வரலாம். இல்லை என்ற முடிவு வராது.

தமிழில் இந்த விவாதம் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகக் கேட்கும்போது, முதலில் வரும் வைதிகவாதி அளவைகள், அதாவது அறிகருவிகள், பத்து என்று அடுக்குகிறார். அதில் அபாவமும், அதாவது இன்மையும், ஒன்று. பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருமம் உபதேசிக்கும்போது, சரியான ஏது, அதாவது சாட்சியாகக் காட்டும் காரணம், எது, ஏது போலத் தோன்றும் ஏதுப் போலி எது என்று வகைவகையாகப் பிரித்துச் சொல்கிறார். துறவு பூண வந்தவளுக்குத் தருக்கப் பாடம் ஏன் என்று கேட்கத் தோன்றும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி அருணந்தி சிவாசாரியாரும் தருக்கத்தையே முன்னால் வைத்தார். சிவஞான சித்தியார் சுபக்கத்தில் இறைவனைப் பற்றிய வாதத்துக்குப் போவதற்கு முன்னால் அளவை இயல் வருகிறது. ஆறு என்றும் பத்து என்றும் சொல்லப்படும் அளவைகளைக் காண்டல், கருதல் (அனுமானம்), உரை (மெய்ந்நூல் வாக்கு) என்ற மூன்றுக்குள் அடக்கிக் காட்டிய பிறகுதான் அவர் அடுத்த அடி வைக்கிறார். எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது தெரியாமல் அளந்து சொல்லும் முடிவில் இந்த ஆசிரியர்களுக்கு நம்பிக்கை இல்லை. பக்தியை ஆழமாக மதித்தவர்களே இப்படி நடந்துகொண்டார்கள் என்பது இன்றைக்கும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பெடலுக்குத் திரும்பினால், ஏதுப் போலிகளில் பட்டறைக்கு மிகவும் வேண்டியது அநைகாந்திகம். ஓர் அடையாளம் நாம் தேடும் காரணத்தோடும் இருக்கிறது, அது இல்லாத இடத்திலும் இருக்கிறது என்றால் அதைச் சாட்சியாக ஏற்க முடியாது. ‘பெடல் லூசாக இருக்கிறது’ என்பது அப்படிப்பட்டது. குழாயில் காற்று இருந்தாலும் பெடல் உள்ளே போகும். பின்சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடினாலும் போகும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் பின்னுக்கு நழுவினாலும் போகும். பழைய ஹோஸ் அழுத்தத்தில் உப்பினாலும் போகும். வீல் பேரிங் ஆடி, டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளினாலும் போகும். ஆகவே தேர்ந்த மெக்கானிக் அடையாளத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இன்னும் நுணுக்கமாகக் கேட்பார். அழுத்தும்போது ஸ்பிரிங் மாதிரித் திருப்பித் தள்ளுகிறதா? காலை எடுக்காமல் அழுத்தியபடி வைத்தால் மெல்ல மெல்ல இறங்குகிறதா? முதல் அடிக்குக் கீழே போய், இரண்டாம் மூன்றாம் அடிக்கு மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா? முதலாவது காற்றைக் காட்டுகிறது. இரண்டாவது, மாஸ்டர் சிலிண்டரையோ எங்கோ ஓர் ஒழுகலையோ காட்டுகிறது. மூன்றாவதில் பின்பக்க ஷூ இடைவெளி மேல் சந்தேகம் கூடும். ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்துவிட்டுப் பெடலை அழுத்திப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும்: பெடல் உடனே உயர்ந்து நின்றால், ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் சார்வாகர்கள், அடையாளத்திலிருந்து காரணத்துக்குப் போகும் இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்பார்கள். புகை உள்ள இடத்தில் எல்லாம் நெருப்பு உண்டு என்கிறீர்களே, எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் யார் பார்த்தது? பார்த்த சில சமையலறைகளை வைத்துக்கொண்டு பார்க்காத மலையைப் பற்றிப் பேச என்ன உரிமை? இது அலட்சியமாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. நியாய மரபினர் சொன்ன பதிலில் உபாதி என்ற கருத்து முக்கியமானது. நெருப்பு உள்ள இடத்தில் எல்லாம் புகை உண்டு என்று ஒருவர் சொன்னால் அது தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு என்ற மறைந்திருந்த நிபந்தனைதான் புகைக்குக் காரணம்; அதுவே உபாதி. விதி எங்கே உடைகிறது என்று தேடிப் போய்ப் பார், உடையும் இடம் கிடைக்காத வரையில் அதை வைத்துக்கொள் என்பது அவர்களின் வழி.

பிரேக் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது, ஆகவே எங்கோ ஒழுகுகிறது என்று சொல்வதிலும் இப்படி ஓர் உபாதி ஒளிந்திருக்கிறது. முன்பக்க பேடுகள் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும்; அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமலே ரிசர்வாயரில் மட்டம் குறையலாம். பேடை அளந்து பார்க்காமல் ஒழுகலைத் தேடுபவர் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

பேடு புதிது, மட்டமும் குறைந்துகொண்டே வருகிறது, கீழே தரையில் ஈரமே இல்லை என்றால்? மீமாம்சகர்கள் அருத்தாபத்திக்குச் சொல்லும் தேவதத்தன் இங்கே வருகிறான். அவன் பகலில் சாப்பிடுவதே இல்லை. ஆனால் உடம்பு பருமனாக இருக்கிறது. இரண்டும் உண்மையென்றால் இரவில் சாப்பிடுகிறான் என்று கொள்ளாமல் வழியில்லை. ஆயில் போகிறது, வெளியே தெரியவில்லை. அப்படியானால் தெரியாத இடத்துக்குப் போகிறது. அப்படிப்பட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பின்சக்கர டிரம்மின் உட்புறம். வீல் சிலிண்டர் கசிந்தால் ஆயில் முதலில் ஷூவையும் டிரம்மையும் நனைக்கும். வெளியே வரவே நாளாகும். இன்னொன்று, காலின் அழுத்தத்துக்குத் துணை தரும் பூஸ்டர் உள்ள வண்டிகளில் பூஸ்டரின் வயிறு. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்தால், ஆயில் நேரே பூஸ்டருக்குள் இறங்கும். இன்ஜின் அதை உறிஞ்சிக்கொண்டால் சைலன்சரில் வெண்புகை வரலாம். தரை மட்டும் காய்ந்தே இருக்கும்.

பூஸ்டரையும் பிரேக் குழாயையும் பற்றிப் பேசும்போது பிளேஸ் பாஸ்கலைத் தவிர்க்க முடியாது. இரண்டுக்கும் அடிப்படையான உண்மைகளைச் சோதித்தும் எழுதியும் நிலைநாட்டியவர்களில் முன்னிற்பவர் அவர். அவரே பதினேழாம் நூற்றாண்டின் ஆழமான சமயச் சிந்தனையாளர்களில் ஒருவரும்கூட. 1662-இல் 39 வயதில் இறந்தார். மறு ஆண்டு வெளியான அவருடைய நூலில், நீர் நிறைந்து மூடிய பாத்திரம் ஒன்றுக்கு இரண்டு வாய்கள், ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரியது என்று ஓர் அமைப்பு வருகிறது. சிறிய வாயின் பிஸ்டனைத் தள்ளும் ஒரே ஆள், பெரிய வாயில் நூறு பேர் தள்ளுவதற்கு ஈடு கொடுப்பார் என்கிறார். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நடப்பது அதுதான்.

அதற்கும் முன்னால் அவர் இறங்கிய வழக்கு இன்மையைப் பற்றியது. பாதரசம் நிறைந்த கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகப் பாதரசத் தொட்டியில் நிறுத்தினால், குழாயின் மேற்பகுதியில் ஓர் இடம் காலியாகிறது. அங்கே எதுவும் தெரியவில்லை. அப்படியானால் அங்கே எதுவும் இல்லையா? இயேசு சபைத் துறவியும் தத்துவ அறிஞர் டெகார்ட்டின் பழைய ஆசிரியருமான எத்தியேன் நோயல், 1647-இல் பாஸ்கலுக்குக் கடிதம் எழுதினார்: வெற்றிடம் என்று ஒன்று இருக்க முடியாது, கண்ணாடியின் நுண்துளைகள் வழியே மெல்லிய காற்று ஒன்று நுழைந்து அதை நிரப்பியிருக்கிறது. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் படாது, எந்தச் சோதனைக்கும் பிடிகொடுக்காது என்கிற காற்று அது. பாஸ்கல் அதை ஏற்கவில்லை. புலனுக்கு எட்டும் எந்தப் பொருளும் அங்கே இல்லை. ஒன்று இருக்கிறது என்று யாராவது காட்டும் வரையில் அதை வெற்றிடம் என்றே கொள்வேன் என்ற நிலையில் நின்றார்.

வாதத்தோடு நிற்காமல் சோதனைக்கும் வழி செய்தார். 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி, அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரென் பெரியே, கிளெர்மோன் நகரில் மடத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு குழாய்களை ஒரே அளவில் நிறுத்திக் காட்டினார். பாதரசம் இரண்டிலும் ஒரே உயரத்தில் நின்றது. ஒரு குழாயை அங்கேயே விட்டு, நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு துறவியிடம் ஒப்படைத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு, சுமார் 1,000 மீட்டர் உயர்ந்து நிற்கும் ப்யூய் தெ டோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. உச்சியிலேயே இடம் மாற்றி மாற்றி, மூடிய இடத்திலும் திறந்த வெளியிலும் காற்று வீசும் இடத்திலும் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். கீழே வந்து கேட்டபோது, தோட்டத்துக் குழாயில் நாள் முழுவதும் எந்த மாற்றமும் இல்லை என்றார் துறவி. அந்தத் துறவி உட்கார்ந்திருக்காவிட்டால் மலையேறியவரின் அளவுக்குப் பாதி மதிப்புதான். பாதரசம் தாழ்ந்தது உயரத்தால்தான், அன்றைய வானிலையால் அல்ல என்று சொல்லக் கீழே மாறாத ஒன்று வேண்டியிருந்தது. பாதரசத்தைத் தாங்கி நிறுத்துவது காற்றின் எடை என்பது உறுதியாயிற்று. இன்றைய பூஸ்டர் நம்புவது அந்த எடையைத்தான். சவ்வின் ஒரு பக்கம் இன்ஜின் உறிஞ்சிய வெற்றிடம். பெடலை அழுத்தியதும் மறுபக்கம் வெளிக்காற்று புகுந்து காலுக்குத் துணையாகத் தள்ளுகிறது.

பெரியே செய்ததையே பட்டறையில் கிளாம்ப் செய்கிறது. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை அதற்கென்று உள்ள கிளாம்பால் மெதுவாக அடைத்துவிட்டுப் பெடலை அழுத்துகிறார்கள். கெட்டியாக நின்றால் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் நல்லது; கோளாறு அதற்கு அப்பால். பிறகு ஒவ்வொரு கிளாம்பாக எடுக்கிறார்கள். எந்தச் சக்கரத்தைத் திறந்தபோது பெடல் தொய்கிறதோ, தேடலை அங்கே தொடங்கலாம். ஹோஸ் வெடிப்பு விட்டுக் கிடந்தால் கிளாம்ப் போடக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் வாய்களையே பிளக் போட்டு அடைத்துப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துப் பார்ப்பது என்ற இந்த ஒழுங்கு இல்லாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது சிகிச்சை அல்ல. அதுவே கெடுதலும் செய்யும். பல வருடம் ஓடிய மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கப்புகள் ஒரு குறிப்பிட்ட தூரம்தான் ஓடிப் பழகியிருக்கும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் துரு பிடித்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலை அடிவரை மிதித்தால், நன்றாக இருந்த கப் துருவில் உரசிக் கிழியும். விவரம் தெரிந்தவர்கள் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுத்தான் அடிக்கச் சொல்வார்கள்.

சில கோளாறுகள் இடத்தில் ஒளிவதில்லை, காலத்தில் ஒளிகின்றன. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க்கும் டிரம்மும் கொதிக்கும். சூடு ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. வருடக்கணக்கில் மாற்றாத ஆயில் பாதி மலையில் கொதித்து ஆவியாகும். ஆவி காற்றைப் போலவே சுருங்கும். பெடல் தரைக்குப் போகும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். மறுநாள் பட்டறையில் பார்த்தால் பெடல் கெட்டியாக நிற்கும், ஆயில் மட்டமும் சரியாக இருக்கும். ‘ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தானே இருக்கு’ என்பார் மெக்கானிக். அவர் பார்த்தது உண்மை. காணத் தகுந்த சூழ்நிலையில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, முன்பு சொன்ன பெரிய வழக்குகளில் ஒன்று: கடவுள். பத்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த நியாய மரபினர் உதயணர், நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில், ‘காணப்படாததால் கடவுள் இல்லை’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்கிறார். காணத் தகுந்தது காணப்படாவிட்டால்தான் இல்லை. கடவுளைக் கண்ணுக்கு எட்டும் பொருள் என்று யார் சொன்னது? அப்படியானால் முயற்கொம்பும் கண்ணுக்கு எட்டாமல் எங்கோ இருக்கலாமே என்று எதிராளி மடக்குகிறார். கொம்பு என்பது இருந்தால் தெரியக்கூடியது, ஆகவே அது தெரியாதபோது இல்லை என்பது உறுதி என்று பதில் வருகிறது. சார்வாகரைப் பார்த்து அவர் கேட்டது இன்னும் கூர்மை: கண்ணில் படாதது எல்லாம் இல்லை என்றால், வீட்டை விட்டு வெளியே வந்ததுமே உன் மனைவி மக்கள் இல்லாமல் போய்விட்டார்கள் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டுமே, ஏன் அழவில்லை?

இந்த வாதம் வலுவானது. வானத்தில் தேடினேன், ஆய்வுக்கூடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை, ஆகவே இல்லை என்று சொல்பவர், காற்று தங்கும் இடம் எது என்று கேட்காமலே நிப்பிளைத் திறந்தவர்தான். ஆனால் உதயணர் இதனால் நிரூபித்தது எவ்வளவு என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். காணாமையால் கடவுளை மறுக்க முடியாது என்று காட்டினார். கடவுள் உண்டு என்று அதனால் ஆகிவிடவில்லை. அது அவருக்கும் நன்றாகவே தெரியும். அதனால்தான் அந்நூலின் பிற்பகுதியில் உலகம் ஒரு விளைவு, விளைவுக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்று தனியாக அனுமானங்களை அடுக்குகிறார். மீமாம்சகரும் பௌத்தரும் அவற்றை ஒவ்வொன்றாகத் தாக்க முடிந்தது; அனுமானம் என்று எடுத்து வைத்ததை உடைக்கவும் இடம் கொடுக்க வேண்டும். நோயலின் மெல்லிய காற்று அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. ‘லைனில் காற்று இருக்கிறது, ஆனால் எந்தச் சோதனையிலும் அது தெரியாது’ என்று ஒரு மெக்கானிக் சொன்னால், கோளாறைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை என்றுதான் கொள்ள முடியும்.

பாஸ்கலின் நிலை இதனால்தான் நெஞ்சைத் தொடுகிறது. குழாயின் உச்சியில் எதுவும் இல்லை என்று அவ்வளவு உறுதியாக வாதாடியவர், கடவுளைப் பற்றி எழுதியபோது அந்தத் தர்க்கத்தை நீட்டிக்கவில்லை. அவர் இறந்த பின் 1670-இல் வெளியான ‘பான்சே’ குறிப்புகளில் அவர் காட்டும் கடவுள் மறைந்திருக்கும் கடவுள். தேடுபவருக்குப் போதிய வெளிச்சமும் தேடாதவருக்குப் போதிய இருளும் வைத்தவர். இங்கே பகுத்தறிவால் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டுதான், கடவுள் உண்டு என்ற பக்கம் பந்தயம் கட்டச் சொல்லும் தன் புகழ்பெற்ற வாதத்தை முன்வைக்கிறார். நோயலின் பிடிகொடுக்காத மெல்லிய காற்றை மறுத்தவர், பிடிகொடுக்காத கடவுளை ஏற்றது முரண் அல்லவா என்று கேட்கலாம். முரண் என்று தோன்றவில்லை. நோயல் தன் காற்றைக் குழாய்க்குள் பாதரசத்துக்கு மேலே வைத்தார். அது இயற்பியல் வழக்கு, இயற்பியல் சாட்சி கேட்பது நியாயம். பாஸ்கல் தன் கடவுளுக்கு அப்படி ஒரு இடம் குறிக்கவில்லை, அளந்து காட்டியதாகவும் சொல்லவில்லை. சைவ சித்தாந்திகள் உரை என்று தனி அளவை ஒன்றை வைத்துக்கொண்டதும் இந்த அறிவோடுதான். கருதலால் எட்டாத இடத்தில் கருதலைப் போட்டு முறுக்காமல், வேறு சாட்சியை அழைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வதில் ஒரு நாணயம் இருக்கிறது. அந்தச் சாட்சியை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம்.

பிரேக் விஷயத்தில் அப்படி வேறு சாட்சிக்குப் போக இடமில்லை. ‘இரண்டு தரம் அடிச்சா பிடிச்சுக்கும், பழகிடுச்சு’ என்று சொல்லி அதே வண்டியை ஓட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை; உண்மையாகவே நம்புகிறார்கள். ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்டு 1877-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இப்படி ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டியது என்று அவருக்குத் தெரியும். இத்தனை பயணம் போய்த் திரும்பியிருக்கிறதே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, மனதார நம்பி அனுப்புகிறார், கப்பல் மூழ்குகிறது. அவர் நம்பிக்கை உண்மையானதே, ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்கிறார். சமய நம்பிக்கை வரைக்கும் அவர் இதை நீட்டியது சரியா என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் எதிர்வாதம் செய்தார். ஆனால் ஜேம்ஸ் நம்பும் உரிமை கேட்டது, சாட்சியால் தீர்க்க முடியாத, தள்ளிப் போடவும் முடியாத கேள்விகளுக்கு. பிரேக் பெடல் அப்படிப்பட்டது அல்ல. டிரம்மைக் கழற்றினால் தெரிந்துவிடும். எதிரே சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ‘பழகிடுச்சு’வில் எந்தப் பங்கும் இல்லை.

அதனால் அந்தப் பழைய காரில் பக்கம் மாறியிருந்த கேலிப்பர்களைச் சரியான பக்கங்களில் பூட்டி, ஏர் எடுத்து, பெடல் கெட்டியாக நின்ற பிறகும் வேலை முடிவதில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை அடித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போது பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். விவரம் தெரியாதவர்கள் இதையே கோளாறு என்று எண்ணிப் பயப்படுவார்கள். பிறகு ஓடும் இன்ஜினில் பெடலை அரை நிமிடம் நன்றாக அழுத்தி வைத்து, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத தெருவில், ஹேண்ட்பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நடை வேகத்தில் முதல் ஓட்டம். கடைசியாக ரிசர்வாயரில் ஆயில் நிற்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வார்கள். மெதுவான கசிவு ஒரே நாளில் தெரியாது. ஒரு வாரத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்து, பேடும் தேயாமல் இருந்தால், பின்பக்க டிரம் இரண்டையும் கழற்ற வேண்டும். அங்கேயும் காய்ந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து பிரித்து, உள்ளே விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள்.